கதவு சாத்தாத நாள்

அந்த வீட்டுக் கதவுகள் முப்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை, ஒரு முழுநாள், சாத்திக்கொள்வதில்லை. வாசல் கதவு, படுக்கையறைக் கதவு, அலமாரிக் கதவு எல்லாம் ஒரு சாண் திறந்தே நிற்கும். தள்ளினால் மெல்லத் திரும்பி வரும். மறுநாள் காலையில் தாமாகவே பொருந்திக்கொள்ளும். தச்சர் ஆறு தடவை வந்து இழைத்துப் பார்த்தார். "கதவு நல்லாத்தாம்மா இருக்கு. இன்னிக்கு அதுக்கு மனசில்ல, அவ்வளவுதான்" என்று உளியைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தாள். குளிர்பதனக் கிடங்கில் மணிக்கொருமுறை வெப்பநிலையைக் குறிப்பது அவள் வேலை. கணவன் தொலைவில் ஓர் அணையில் மதகு இயக்கினான். மாதம் மூன்று நாள் விடுப்பு, அதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கருமுட்டை வருவது பதினான்காம் நாள் என்று புத்தகத்தில் படித்ததால், மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி, அந்த நாளை ஒட்டியே அவனை வரச்சொன்னாள். நான்கு வருடம் சரியாக வந்தான், சரியாகப் போனான். தினமும் எழுந்திருக்குமுன் நாக்கடியில் தெர்மாமீட்டர் வைத்து அவள் எழுதியது ஏழு நோட்டு. "ஊரான் காய்கறிக்கெல்லாம் கணக்கு வச்சிருக்கீங்க, உங்க கணக்கு மட்டும் ஏன் அண்ணி உதைக்குது?" என்றாள் நாத்தனார்.

எட்டாவது நோட்டை எடுத்துக்கொண்டு செவிலியிடம் போனாள். செவிலி நான்கு பக்கம் புரட்டினாள். "புத்தகம் சொல்றது இருபத்தெட்டு நாள் பொண்ணுக்கு. நீ முப்பத்தஞ்சு நாள் பொண்ணு. அடுத்த விலக்கிலேருந்து பின்னால எண்ணும்மா, பதினாலு. உனக்கு இருபத்தொண்ணு. சூடு ஏறுறது மறுநாள். அதைப் பாத்துட்டுக் கூப்பிட்டா, வண்டி போனப்புறம் ஸ்டேஷனுக்கு ஓடுற மாதிரி."

நோட்டின் ஓரத்தில் தச்சர் வந்த தேதிகள் இருந்தன. ஆறும் இருபத்தொன்றாம் நாள்.

அதன்பின் அவன் பத்தொன்பதாம் நாளே வந்தான். இருபத்தொன்றில் கதவு சாத்தவில்லை. பீரோவை முட்டுக்கொடுத்தார்கள், பீரோ அரையடி நகர்ந்து வழிவிட்டது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்க் கடைத் தையல்காரர் ஷட்டரை இறக்கினார், நடப்பவர்கள் தெருவின் மறு ஓரத்துக்கு மாறித் தரையைப் பார்த்து நடந்தார்கள். தெருவும் நாள் எண்ணக் கற்றுக்கொண்டது. அணையில் வெள்ளம் வந்த மாதங்களில் அவன் வரவில்லை. அப்போதும் தெரு ஒதுங்கியே நடந்தது, அவள் திறந்த கதவுக்குள் ஒற்றைத் தட்டில் சாப்பிட்டாள்.

இரண்டாம் வருடம் ஒருமுறை நாள் தள்ளியது. சூடு இறங்கவில்லை, கர்ப்பம் பார்க்கும் பட்டையில் இரண்டு கோடு வந்தது. அவள் நம்பவில்லை. கதவின் முறைநாள் வரட்டும் என்று காத்திருந்தாள். அன்று காலை வாசல் கதவைத் தள்ளினாள். சாத்திக்கொண்டது.

அணைக்குப் போன் செய்தாள். அங்கே தண்ணீர் இரைந்தது.

"சாத்திக்கிச்சு."

"தாழ் போட்டுப் பாத்தியா?"

"போட்டேன். விழுந்துச்சு."

"அடுத்த மாசம்தான் லீவு" என்றான்.

தெரு அன்றும் மாலைவரை எதிர் ஓரத்திலேயே தலைகுனிந்து நடந்தது. இனி வேண்டாம் என்று வெளியே போய்ச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஜன்னல் வழியே ஒவ்வொருவரும் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.