கதவுக்கு அப்பால் ஓர் இருமல்

மாப்பிள்ளையோடு பேசிப் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று மகள் சொன்னதும், என் கணவரின் அண்ணன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். நிச்சயத்துக்கு நாள் குறிக்கத்தான் வந்திருந்தார்.

“நம்ம குடும்பத்துல அப்படி ஒரு வழக்கமே இல்ல.”

“மார்க்கத்துல இருக்கு பெரியத்தா. பேசும்போது அத்தா பக்கத்துல இருந்தா போதும். மேடை போட்டு, கேக் வெட்டி, அவரு என் கையப் பிடிச்சு மோதிரம் போடுறதுதான் கூடாது. நிக்காஹ் ஆகுற வரைக்கும் அவரும் அந்நிய ஆம்பளதானே?”

போன வருடம் தன் மகனுக்கு இத்தனையும் செய்து, படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியவர் அவர். கீழே வைத்த டீயை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

என் நிச்சயத்தில் நானே இல்லை. முன்னறையில் ஆண்கள் பேசி முடித்து, துஆ ஓதி, எழுந்து போனார்கள். உள்ளறையில் கதவோரம் உட்கார்ந்திருந்த எனக்கு, பழகிய குரல்களுக்கு நடுவே புதிதாக ஓர் இருமல் கேட்டது. கூச்சப்பட்டுப் பாதியில் விழுங்கிய இருமல். “அதுதான் மாப்பிள்ள” என்று தங்கை கிள்ளினாள். கல்யாணம் வரை அந்த இருமலோடுதான் மனதுக்குள் குடித்தனம் நடத்தினேன். அதற்கு ஒரு முகம் வைப்பேன், பிடிக்காமல் மாற்றுவேன். என்ன சுகமான நாட்கள்! என் அதிர்ஷ்டம், ஆள் தங்கமாக அமைந்தார். என் அக்காவுக்கு அப்படி அமையவில்லை. அவளையும் யாரும் கேட்கவில்லை.

“அவ கேக்குறது நியாயந்தான். பையன வரச் சொல்லுங்க” என்றேன். கணவரின் அண்ணனுக்கு எதிரே நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக்கடை வைத்து ஊருக்கே பார்வை கொடுப்பவர், கட்டிக்கொள்ளப் போகிறவளைப் பார்க்காமலே தலையாட்டியவர்.

“வரச் சொல்றேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். முன்னறையில் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். கதவு விரியத் திறந்திருந்தது. நிலையை ஒட்டி, செய்தித்தாளோடு என் கணவர். மகளின் குரல் சமையலறை வரை கேட்டது.

“கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். உங்களுக்குச் சம்மதமா?”

பதில் காதில் விழட்டும் என்று அடுப்பை அணைத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொல்லட்டும், சொல்ல அவளுக்காவது இடமிருக்கிறதே என்றும் இருந்தது.

அப்போது இவர் இருமினார். அதே இருமல், பாதியில் விழுங்கியது.

போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

“என்ன?” என்றார் மெதுவாக.

“அன்னிக்கு என்னைப் பாக்க விட்டிருந்தா, என்ன கேட்டிருப்பீங்க?”

செய்தித்தாளை மடித்தார். கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு என்னையே பார்த்தார். உள்ளே பையன் பதில் சொல்லத் தொடங்கியிருந்தான். நாங்கள் இருவருமே அதைக் கேட்கவில்லை.