கடைசி நெற்றி

அந்த வீட்டைப் பிடித்தது நான்தான். ‘ஏரி நடுவே தனித்தீவு, உங்கள் குடும்பத்துக்கு மட்டும்’ என்ற விளம்பரத்தில் நீலத் தண்ணீரும் வெள்ளைப் படகும் இருந்தன. படம் மழைக்காலத்தில் எடுத்தது என்று யோசிக்கிற அளவுக்குப் புத்தி இருந்திருந்தால் மே மாதத்துக்கு முன்பணம் கட்டியிருக்க மாட்டேன். ஆனேக்கல் தாண்டிப் போய் இறங்கியபோது ஏரி வற்றிச் சுருங்கிக் கிடந்தது. பாதி வழியில் படகு தரைதட்டியது. படகோட்டி நரேஷ் பேண்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, எங்களைத் தள்ளிக்கொண்டே நடந்து தீவில் சேர்த்தார். தண்ணீர் அவருடைய முட்டியைக்கூடத் தொடவில்லை.

“இது தீவாப்பா, இல்ல ஸ்பீட் பிரேக்கரா?” என்று கேட்டாள் என் மகள் நிக்கோல்.

இந்தக் கூத்தெல்லாம் பெர்னார்ட் அண்ணனுக்காக. அண்ணனும் டோரீன் அண்ணியும் ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகன் டிரேவரிடம் ஒரேயடியாகப் போகிறார்கள். ஞாயிறு ராத்திரி விமானம். அதற்குள் ஃப்ரேசர் டவுன், லிங்கராஜபுரம், ஓசூர் என்று சிதறிக் கிடக்கும் மொத்தச் சொந்தத்தையும் ஒரே கூரையின் கீழ் சேர்க்க வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் முழங்கினேன். அண்ணன் போவது எனக்குத் தாங்கவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. பேத்தி எடுத்த ஆள் ‘போகாதீங்க அண்ணா’ என்று எழுதினால், ஆளுக்கொரு அழுகிற பொம்மையை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நான் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரானவன். சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் சாப்பாடு என்று காலம் தள்ளியவனுக்குச் சொந்தக்காரர்களை வேறு எப்படி மேய்க்கத் தெரியும்? கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டேன். விசிலுக்கு இட்லி, விசிலுக்கு ஜெபம், விசிலுக்குத் தம்போலா ஆட்டம். மஞ்சள் சோற்றில் கறி உருண்டையைப் பிசைந்து வாயில் வைப்பதற்குள் அடுத்த விசில்.

“உங்களுக்கு இந்த விசில வித்தது யாருன்னு சொல்லுங்க. கைல கால்ல விழுந்தாவது திருப்பிக் குடுத்துட்டு வந்துர்றேன்” என்றாள் என் மனைவி ஆஞ்சலா.

அண்ணன் ஒருமுறை மாமரத்தடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு, “டேய் கிளெமென்ட், இப்படி வந்து உக்காருடா. கொஞ்சம் பேசணும்” என்றார். பந்தி முடியட்டும் என்று நழுவினேன். பந்தி முடிந்ததும் பாத்திரம் எண்ணப் போனேன். வாடகை வீட்டுக் கரண்டிகளை என்னளவு அக்கறையாக அந்த வீட்டுக்காரரே எண்ணியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் மட்டும் கிளம்ப வேண்டும். நாங்கள் மறுநாள் காலி செய்வதாக ஏற்பாடு. நரேஷுக்கு ஆனேக்கலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன். அதனால் ஐந்து மணிக்குக் கடைசிப் படகு, அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதை எல்லோருக்கும் விசிலடித்து அறிவித்ததும் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் கிளம்புகிற பெரியவர், சின்னவர்கள் ஒவ்வொருவர் நெற்றியிலும் கட்டைவிரலால் சிலுவை போட்ட பிறகுதான் வாசலைத் தாண்டலாம். ஒரு நெற்றி விடுபட்டாலும் கிளம்பக் கூடாது. குளித்துக்கொண்டிருந்த மருமகளுக்காக மெட்ராஸ் மெயிலையே கோட்டைவிட்டவர் எங்கள் ஆம்ப்ரோஸ் மாமா. டோரீன் அண்ணி கெட்டிக்காரர். காலையில் இட்லிக்கு நின்ற வரிசையிலேயே எல்லோருக்கும் போட்டு முடித்து, முந்தின படகில் பெட்டிகளோடு அக்கரைக்குப் போய்க் காரில் ஏசி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனுக்கும் வரிசை அமைத்துக் கொடுத்தேன். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். அண்ணன்தான் மூத்தவர், அடுத்தவன் நான். ஆகவே வரிசையில் கடைசி நான். நெற்றி முடியை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்ளும்படி உத்தரவும் போட்டேன். வரிசை சரசரவென்று நகர்ந்தது. சூப்பர்வைசர் மூளையை நானே மெச்சிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்னால் மூன்று பேர்தான் இருந்தார்கள். என் நெற்றி முடிந்தால் அண்ணன் போய்விடுவார்.

“குழந்தையை எழுப்பித் தூக்கிட்டு வா” என்று நிக்கோலை உள்ளே அனுப்பினேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கோதண்டராமனைக் கைப்பிடித்து இழுத்து வந்து எனக்கு முன்னால் நிறுத்தினேன். அவருடைய நாமத்துக்கு இடைஞ்சல் வராமல் அண்ணன் புருவத்தோரமாகப் போட்டார். அவரும் மரியாதையாகக் கும்பிட்டுக்கொண்டார். ஆஞ்சலாவுக்கு விரல் முடிமேல் பட்டது, அது செல்லாது என்று மறுபடி நிற்க வைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

“சார், பேக பன்னி, சீக்கிரம் வாங்க. அங்க ரிசப்ஷன் ஆரம்பிச்சிடுவாங்க” என்று நரேஷ் கன்னடமும் தமிழுமாகக் கத்தினார்.

“அஞ்சே நிமிஷம்ப்பா” என்றேன். மூன்று நாளாக யாருக்கும் அரை நிமிஷம் விட்டுக்கொடுக்காத அதே வாயால்.

நரேஷ் சொன்ன சொல் தவறாதவர். படகு போய்விட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை.

“இப்ப இன்னா பண்றது? டிக்கெட்ட மாத்திக்கலாம் அண்ணா. ரெண்டு நாள் சேத்து இருந்துட்டுப் போங்களேன்” என்றேன்.

அண்ணன் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். பேண்டை முட்டிக்கு மேல் சுருட்டினார்.

“நடிக்கிறதுக்கெல்லாம் நீ லாயக்கில்லடா” என்று சொல்லிவிட்டு ஏரியில் இறங்கி நடந்தார்.

நான் காசு கொடுத்துப் பிடித்த தீவு இப்படி என் காலை வாரிவிட்டது. அண்ணனின் ஷூக்களை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நடு ஏரியில் அவருக்குச் சேறு வழுக்கியது. கையை ஊன்றிச் சமாளித்து எழுந்து நின்றார்.

“மூணு நாளாப் பேசக் கூப்பிடறேன். கரண்டி எண்ணிக்கினே இருக்க.”

“பேசிட்டா நீங்க கிளம்பிடுவீங்கன்னு இருந்துச்சு அண்ணா.”

“பேசலன்னாலும் கிளம்பணுமேடா.”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. இரண்டு கையிலும் ஷூ, கழுத்தில் விசில், முட்டிக்குக் கீழே சேறு. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு, “போகாதீங்க அண்ணா” என்றேன்.

“எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? அங்க போய் யார்கிட்டடா சண்டை போடப் போறேன்” என்றார். “நெத்தியக் காட்டு.”

குனிந்தேன். சேற்று விரலால் அழுத்திப் போட்டார். விரலை உடனே எடுக்கவில்லை. அக்கரையிலிருந்து அண்ணி காரின் ஹாரனை அடித்தார். அண்ணன் ஷூக்களை வாங்கிக்கொண்டார். “கூட வராதே, இங்கயே நில்லு” என்று சொல்லிவிட்டு நடந்தார். கார் கண்ணுக்கு மறையும்வரை நின்றேன். பிறகு திரும்பி நடந்தேன்.

வீட்டு வாசலில் ஆஞ்சலா அருகில் வந்து பார்த்தாள்.

“நெத்தியெல்லாம் சேறு. போய்க் கைகால் மூஞ்சி கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்” என்றாள்.

நான் கைகாலை மட்டும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.