ஞானதிரவியத்தின் கட்டைவிரல்

மனிதகுலத்தின் வரலாறு என்பது ஒரு மனிதனின் சொல் இன்னொரு மனிதனைச் சென்றடைந்த வரலாறே. கடலோர உப்பு மேன்மை வாரியத்தில் அந்த வரலாறு ஒரு கறுப்புக் கேபிள் வழியாக எல்லா மேசைகளையும் தொட்டுக்கொண்டு போய், கடைசி அறையில் ஞானதிரவியத்தின் இடது கட்டைவிரலில் முடிந்தது.

அந்தக் காலத்துக் கேபிள் அது. அதன் முனையை ஏதாவது ஒன்று அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன செய்தி முட்டித் திரும்பி வந்து எல்லோர் மேலும் விழும். முன்பு அங்கே ஒரு பித்தளை மூடி இருந்தது. ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் துலக்கி வெயிலில் காயவைத்தார்கள். காக்கை தூக்கிக்கொண்டு போயிற்று. அப்படிப்பட்ட மூடியை இப்போது உலகில் யாரும் செய்வதில்லை.

பக்கத்தில் நின்றவர் ஞானதிரவியம். "செத்த நேரம் பிடிச்சுக்கிடும்" என்றார்கள். பிடித்துக்கொண்டார்.

பிறகு கட்டடத்தை இடித்துவிட்டுக் கண்ணாடியில் கட்டினார்கள். சுவரெல்லாம் திரை வைத்தார்கள். வாசலில் பேசும் பொம்மை ஒன்றை நிறுத்தினார்கள். எல்லாம் அதே கேபிளில்தான் ஓடின. அவரைச் சுற்றித்தான் புதுச் சுவர் எழுப்பினார்கள்.

வேலை கஷ்டமில்லை. யாருக்கும் வேண்டாத செய்திகள் அவரிடம் வந்து அடங்கும். உப்பின் ஈரப்பத அறிக்கை வரும். பொங்கல் வாழ்த்து வரும். விரல் கேபிளில் இருக்கும்வரை அவரிடம் நேரில் பேசினாலும் அதே கதிதான். கேட்ட கேள்வி உள்ளே போய் அடங்கிவிடும். பதில் வராது. இதனால் வாரியத்தில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களும், மனிதர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அன்றைக்கே நிச்சயம் செய்துவிட்டார்கள்.

கல்யாண நாளன்று காலையில் இயக்குநர் முனைவர் வைகுண்டமணி கோட்டோடு வந்தார்.

"ஓய், எல்லையற்ற இணைப்புத் திட்டத்த இன்னைக்கு அமைச்சர் தொடங்கி வைக்காரு. எல்லை நீருதான். அதனால உமக்கு முன்னால ஒரு திரைச்சீலை போடச் சொல்லிருக்கேன்."

ஞானதிரவியம் தன் பட்டு வேட்டியைக் காட்டினார்.

"கல்யாணமா? தாராளமா நடத்தும். விரல மட்டும் எடுத்திராதேயும். போன தடவ நீரு தும்முனப்ப விரல் நழுவிட்டு. எவனோ அனுப்புன லீவு லெட்டர் திரும்பி வந்து ஆபீசு பூராவும் விழுந்துது. அத்தன பேரும் லீவு போட்டுட்டுப் போயிட்டானுவ. எனக்கே காய்ச்சல் வந்துட்டு."

ஞானதிரவியம் தலையாட்டினார். இயக்குநர் மேடைக்குப் போனார்.

கேபிள் நீள நீள, நடைபாதையும் கூடவே நீண்டிருந்தது. நடுவில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. பெண்வீட்டார் அங்கே பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு மணப்பெண் எமீமாள் வந்து நின்றாள். பின்னாலேயே போதகர் வந்தார்.

"இதென்ன கோலம்? நல்ல நாளும் அதுவுமா வயரப் பிடிச்சிக்கிட்டு நிக்கிய?" என்றாள் எமீமாள்.

கேள்வி உள்ளே போய் அடங்கியது.

போதகர் தொண்டையைச் செருமினார். "ஞானதிரவியமே, இந்த எமீமாளை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?"

ஞானதிரவியத்துக்கு நன்றாகக் கேட்டது. கேள்வி ஈரப்பத அறிக்கைகளைத் தாண்டி வயிறுவரை இறங்கி அமைதியாக உட்கார்ந்தது. அவர் வேகமாகத் தலையாட்டினார்.

"தலையாட்டுனா செல்லாது. வாயால சொல்லணும்" என்ற போதகர் மறுபடி கேட்டார். அதுவும் உள்ளே போயிற்று. "மூணு தடவைதான் கேப்பேன். எனக்கு அடுத்த கல்யாணம் இருக்கு."

எமீமாள் ஞானதிரவியத்தின் காதருகே வந்தாள். "இப்ப வாயத் திறக்கல, வந்த பஸ்ஸிலேயே நான் திரும்பிப் போயிருவேன். பிறவு இந்த வயரையே கெட்டிக்கிட்டு நல்லாருங்க."

ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் கேட்டது. முடிவே இல்லாத இணைப்பு என்று அவர் ஆரம்பித்திருந்தார்.

போதகர் மூன்றாம் தடவை கேட்டார்.

ஞானதிரவியம் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்தார். அமைச்சரை நினைத்தார். பஸ் ஹாரன் அடித்தது. அவர் விரலை எடுத்தார். அதில் பித்தளை நிறம் ஏறியிருந்தது.

"சம்மதம்" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் எமீமாள்.

"சம்மதம்!"

"இம்புட்டுக் குரல வச்சிக்கிட்டா இத்தன நாளா சும்மா இருந்திய?"

அவர் இரண்டு கையாலும் தாலி கட்டினார். போதகர் ஜெபித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு ஓடினார்.

ஆனால் உள்ளே அடங்கியிருந்த கேள்வி விரல் எடுத்தபோதே கேபிளில் திரும்பிக் கிளம்பிவிட்டது. வாரியத்தில் எந்தச் செய்தியும் இத்தனை வேகமாகப் போனதில்லை. கணக்குப் பிரிவு எழுந்து நின்று சம்மதம் என்றது. தபால் பிரிவு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதம் என்றது. வாசல் பொம்மை தலையைக் குனிந்துகொண்டு சொன்னது.

மேடையில் இயக்குநர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். மைக்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். "எமீமாளை ஏற்றுக்கொள்ள எனக்கு முழு மனதோடு சம்மதம்" என்று அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் இன்னொரு முறை சொன்னார்.

முன்வரிசையில் இயக்குநரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் சண்முகக்கனி.