பழைய வாசலிலிருந்து ஒன்பதாவது வரிசை

பட்டியலில் நாற்பத்தொரு பேர். எல்லாரும் பிரமுகர்கள், எல்லாரும் செத்தவர்கள். நகரத்தின் மூன்று கல்லறைத் தோட்டங்களில் யார் எங்கே இருக்கிறார் என்று உறுதிசெய்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு தகவல் பலகை நட வேண்டும். நகராட்சிப் பதிவேட்டுப் பிரிவில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் என் தலையில் மேலாளர் இந்த வேலையைக் கட்டினார்.

"செத்தவங்க சண்டைக்கு வர மாட்டாங்க. நிம்மதியான வேலை" என்றார். அவர் சொன்னது என்றைக்கு நடந்திருக்கிறது, இது நடக்க?

முதல் வாரமே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு கவிஞருக்கு இரண்டு தோட்டங்களில் இரண்டு கல்லறைகள். இரண்டிலும் முழு ஆளும் இருப்பதாகவே பதிவு. ஒரு தளபதி, கல்லில் வெட்டியிருக்கும் வருடங்களை நம்பினால், பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பே போரில் இறந்திருக்கிறார். நாடே கொண்டாடிய பாடகியின் கல்லில் அவர் பெயரைவிடக் கல் வெட்டிய கடையின் பெயர் பெரிது. உயிரோடு இருப்பவர்களின் காகிதங்கள்தான் குளறுபடி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆனால் இருபத்து மூன்றாவது ஆளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவர் தலைமை நீதிபதி. இறந்து ஐம்பத்திரண்டு வருடம். தெற்குத் தோட்டத்தில், பதினாறாவது வரிசையில், பன்னிரண்டாம் எண். பத்து வருடம் முன்பு வக்கீல் சங்கத்தார் அங்கே பளபளவென்று கறுப்புக் கல்லில் மேடை கட்டி, ஆண்டுதோறும் கோட்டும் சூட்டுமாக வந்து மலர்வளையம் வைத்து, எழுந்து நின்று பேசுகிறார்கள். மேடைக்கு வலது பக்கம், பதின்மூன்றாம் எண் காலியாகக் கிடந்தது. பலகை அங்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தரையில் சுண்ணாம்பால் சதுரக் கோடு போட்டதும் நான்தான். வெள்ளிக்கிழமை குழி தோண்டிக் கான்கிரீட் போடுவார்கள்.

அதே தோட்டத்தில் என் அப்பாவும் இருக்கிறார். ஒன்பதாவது வரிசை, பன்னிரண்டாம் எண், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். முழங்கால் உயரக் கல். அப்பா நீதிமன்றக் கட்டடத்தில் இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் ஓட்டினார். "நீதிபதியையே மேல தூக்கி விடறவன் நான்" என்று வீட்டில் பீற்றிக்கொள்வார். மறு மூச்சிலேயே, "ஒருத்தனாவது மூஞ்சியப் பாக்கறானா? 'மூணு'ம்பான், 'அஞ்சு'ம்பான், அவ்வளவுதான்" என்பார். பதினொரு வருடம் முன்பு, மழைக்காலத்தில், இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

கல் நட்ட நாள் முதல் ஞாயிறு தவறாமல் அம்மா அங்கே போவாள். எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, ஆனாலும் போவாள். தொட்டியில் கை கழுவிவிட்டு, கல்லுக்கு எதிரே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அப்பாவிடம் பேசுவாள். பேசுவது என்றால் திட்டுவது. அண்ணன் வெளிநாட்டிலிருந்து போன் பண்ணாதது, மாடி வீட்டுக்காரி துணி பிழியாமல் காயப்போட்டு எங்கள் ஜன்னலை நனைப்பது, நான் கல்யாணமே வேண்டாம் என்று உட்கார்ந்திருப்பது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீங்களே சொல்லுங்க, யார் மேல தப்பு?" என்று கேட்பாள். கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். பிறகு, பதில் திருப்தியாக இருந்த மாதிரி தலையை ஆட்டுவாள். அப்பாவுக்குப் பக்கத்து இடத்தை, ஒன்பதாவது வரிசைப் பதின்மூன்றாம் எண்ணை, அவரை அடக்கம் செய்தபோதே தனக்கென்று எழுதி வாங்கிவிட்டாள். "மிச்சத்தை அங்க போய் நேர்ல கேட்டுக்கறேன்" என்பாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பலகையில் போட ஒரு படம் தேடி நீதிபதியின் கோப்பைப் பிரித்தேன். அவர் அடக்கத்தன்று எடுத்த பத்திரிகைப் படம் இருந்தது. குழியைச் சுற்றித் தொப்பியைக் கையில் பிடித்தபடி பெரிய மனிதர்கள். அவர்களுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், வட்டமான தண்ணீர்த் தொட்டி.

அந்தத் தொட்டியை எனக்குத் தெரியும். அதன் விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருக்கும், படத்திலும் உடைந்திருந்தது. ஆனால் தொட்டி இருப்பது அப்பா பக்கத்தில். கறுப்பு மேடை ஏழு வரிசை தள்ளி இருக்கிறது. படத்தைத் திருப்பிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். தொட்டி நகரவில்லை.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனேன். காவலாளியைக் கம்பி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். புதைந்த கற்களைக் குத்திப் பார்க்க எப்போதும் கையில் ஓர் இரும்புக் கம்பி வைத்திருப்பார்.

"வரிசையை எப்படி எண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"வாசல்லேருந்துதான் மேடம். வேற எப்படி?"

"எந்த வாசல்?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருக்கறதே ஒரு வாசல்தானே."

"எப்பவும் இதே வாசல்தானா?"

"நான் வந்து பத்து வருஷம் ஆகுது. அதுக்கு முன்னாடி வடக்கால இருந்துச்சாம். ரோட்டை அகலமாக்கினப்ப அதை அடைச்சுட்டு, எதிர்ப்பக்கம் தொறந்துட்டாங்க." கம்பியால் தோட்டத்தின் அந்தக் கோடியைக் காட்டினார். அங்கே மதிலின் ஒரு பகுதி மட்டும் நிறம் மாறி இருந்தது.

தோட்டத்தில் மொத்தம் இருபத்து நான்கு வரிசை. பழைய வாசலிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது என்பது, புதிய வாசலிலிருந்து எண்ணினால் பதினாறாவது. அங்கிருந்து பதினாறு என்றால் இங்கிருந்து ஒன்பது. விரல் விட்டு எண்ணினேன், நடந்து எண்ணினேன், கம்பியையும் நடக்கவிட்டு எண்ணினேன். பதிவேடு பழைய வாசல் காலத்தது. அப்பாவை அடக்கம் செய்ததும் பழைய வாசல் காலத்தில். மண் இறுகட்டும் என்று எட்டு மாதம் கழித்துக் கல் நட்டோம்; அதுவரை அம்மா உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தாள், நானும் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்குள் வாசல் மாறியிருந்தது. கல் நட்டவர் எண்ணைப் படித்து, வாசலிலிருந்து எண்ணி, ஒன்பதில் நட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த வக்கீல்களும் அப்படியே எண்ணி, பதினாறில் புல் மூடிய தரையில் மேடை கட்டினார்கள்.

அடக்கத்துக்குப் போனவள்தானே, இடம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். அன்று கொட்டுகிற மழை. குடைக்கு அடியில் நான் பார்த்ததெல்லாம் சேறும் முன்னால் போனவரின் செருப்பும்தான்.

"இங்க குத்துங்க" என்றேன், அப்பாவின் கல்லுக்கு முன்னால் தரையைக் காட்டி.

கம்பி தயங்கினார். பிறகு குத்தினார். ஒரு முழம் இறங்கியதும் டங்கென்று கேட்டது. இரண்டு பேருமாக மண்ணை வாரினோம். அகலமான பழைய பலகைக்கல். ஈர மண்ணை விரலால் துடைத்தேன். 'தலைமை நீதி' என்ற எழுத்துகள் வந்தன. அதற்கு மேல் நான் துடைக்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது, வெட்டியதும் நானே.

மண்ணை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். பத்து வருடத்துக்கு மேலாக அம்மா தன் வழக்கையெல்லாம் ஒரு தலைமை நீதிபதியிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருவரும் முகத்தைப் பார்க்காத என் அப்பாவுக்கு நீதித்துறையே எழுந்து நின்று மரியாதை செய்திருக்கிறது. சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. கறுப்பு மேடைக்குப் பக்கத்தில் நான் காலி என்று கையெழுத்துப் போட்ட இடம் காலி இல்லை. அது அம்மாவின் இடம். அதில்தான் வெள்ளிக்கிழமை கான்கிரீட்.

மேலாளரிடம் போனேன். படத்தைக் காட்டினேன், வரிசைக் கணக்கை வரைந்து காட்டினேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஒன்பது? உங்க ஒன்பதா, அவங்க ஒன்பதா?"

"ரெண்டும் ஒரே ஒன்பதுதான் சார். எண்ணற பக்கம்தான் வேற."

"கல்லை மாத்தணும்னா வக்கீல் சங்கம் ஒத்துக்கணும். யார் எங்க இருக்காங்கன்னு நிரூபிக்கத் தோண்டணும். தோண்ட கோர்ட் உத்தரவு வேணும். ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ ஆகும். அதுக்குள்ள உங்கம்மா..." என்று நிறுத்தினார்.

அவர் சொல்லாமல் விட்டதற்காகவே அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. சொல்லாமலே பலகையை மட்டும் நகர்த்திவிடலாம். அம்மா நிம்மதியாக நீதிபதியிடமே பேசிக்கொண்டிருப்பாள். அது ஏமாற்றுவது இல்லையா? சொன்னால், இந்த வயதில் அவளிடமிருந்து பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடுங்குவது இல்லையா? எந்தப் பக்கம் எண்ணினாலும் கணக்கு உதைத்தது. வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லியேடி" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மடக்கு நாற்காலியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். வாசல் மாறியது புரியவில்லை. நாற்காலியை அவளோடு திருப்பிப் போட்டு, அந்த நிறம் மாறிய மதிலைக் காட்டிய பிறகுதான் புரிந்தது.

"அப்ப இத்தனை நாள் நான் யார்கிட்டடி பேசிட்டிருந்தேன்?"

"ஒரு நீதிபதிகிட்டம்மா."

"எல்லாத்தையுமா?" வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "வீட்டு விஷயமெல்லாம் சொல்லியிருக்கேனே. உங்கண்ணன் விஷயம், உன் விஷயம்... முன்ன பின்ன தெரியாத மனுஷன்கிட்ட." கல்லைப் பார்த்துப் புடவைத் தலைப்பைத் தோள் மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஏழு வரிசை நடந்தோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், இறுக்கமாக. கறுப்பு மேடை மேல் போன மாத மலர்வளையம் காய்ந்து கிடந்தது.

"இதெல்லாம் அவருக்கா போடறாங்க?"

"ஆமாம்மா."

"பேசுவாங்களா?"

"எழுந்து நின்னு பேசுவாங்க. பெரிய பெரிய ஜட்ஜெல்லாம் வருவாங்க."

அம்மா மலர்வளையத்தின் ரிப்பனைத் தடவிப் பார்த்தாள். "உசிரோட இருக்கறப்ப 'மூணு', 'அஞ்சு'ன்னு மட்டும் சொன்னவனுங்க" என்றாள். பிறகு, "கல்லையெல்லாம் மாத்த வேண்டாம். இப்படியே இருக்கட்டும். மனுஷன் அனுபவிக்கட்டும். என் எடம் எங்க?"

காட்டினேன். அவள் குனிந்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள்.

"இது என்ன கோடு?"

"பலகைக்குக் குழி தோண்ட."

"யார் போட்டது?"

"நான்தாம்மா."

அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு காலால் கோட்டைத் தேய்த்தாள். முழங்கால் வலியோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, நான்கு பக்கமும் தேய்த்தாள். பலகைக்கு நான் கையெழுத்துப் போட்ட தாளைப் பையிலிருந்து எடுத்து, 'வலப்புறம்' என்பதை அடித்து, 'எதிரே, நடைபாதை ஓரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் எடுத்து வந்திருந்தேன். எடுத்து வரக் கூடாது, எடுத்து வந்திருந்தேன். அம்மாவின் பெயருக்கு எதிரே, 'பழைய வாசலிலிருந்து எண்ணவும்' என்று எழுதினேன். நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் அவளைச் சரியான இடத்தில் கொண்டு வந்து சேர்க்க அந்த ஒரு வரி போதும். கற்கள் பொய் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அம்மா உட்கார்ந்து, மேடையைப் பார்த்து, "என்னங்க" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை நான் பார்த்ததே இல்லை.

"எங்கேருந்துடி ஆரம்பிக்கறது? இவருக்கு ஒண்ணுமே தெரியாதே."

எனக்கு அழுகைதான் வந்தது.

அம்மா பிறகு நாற்காலியை இன்னும் ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க போன அன்னிக்கு நல்ல மழைங்க. எனக்கு உடம்புக்கு முடியலை. என்னை வண்டியிலயே உக்கார வெச்சுட்டாங்க, நான் இறங்கி வரலை. அதுக்கப்புறம்..." என்று தொடங்கி, என் பக்கம் திரும்பாமலே, "நீ போய் அங்க சொல்லிட்டு வா. இன்னிக்கு வர முடியாதுன்னு சொல்லு. பாவம், பழகிட்டார்" என்றாள்.

போய்ச் சொன்னேன். அப்பா பெயர் போட்ட கல்லின் முன்னால் நின்று, ஒரு நீதிபதியிடம், அம்மா இன்றைக்கு வரமாட்டாள் என்று சத்தமாகவே சொன்னேன். தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். வாசல் பூட்டும் மணியை ஆட்டிக்கொண்டே வந்த கம்பி, அம்மாவைப் பார்த்ததும் மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு வருடக் கதையில் அவள் அப்போது இரண்டாவது வருடத்தில்தான் இருந்தாள்.