நீலப் பெட்டியில் விழுந்த செருப்புகள்

வங்காள விரிகுடாவை விருத்தாசலத்திலிருந்துதான் காப்பாற்ற முடியும் என்று பீங்கான் பட்டறைப் பெண்களிடம் அன்புச்செல்வன் சொன்னான். சிரிக்காமல் சொன்னான். அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்குச் செருப்பு செய்யும் ‘நீலநுரை’ கம்பெனி அவனைத் தற்காலிகமாக எடுத்திருந்தது. பட்டறை வாசலில் வைத்த நீலப் பெட்டி மாதக் கடைசிக்குள் பழைய செருப்பால் நிரம்பினால் வேலை நிரந்தரம்.

“பழசைப் போடுங்க. அரைச்சுப் புதுசு பண்ணுவோம். இல்லாட்டி அது கடலுக்குப் போயிடும்.”

“இங்கேருந்தா? எந்த பஸ்ஸுல?” என்றாள் பாஞ்சாலை.

பெட்டி காலியாகவே கிடந்தது. ஊரில் பழைய செருப்புக்குப் பஞ்சமில்லை. எல்லாம் காலில் இருந்தது, அதுதான் சிக்கல். வார் அறுந்தால் ஊக்கு, ஊக்கும் போனால் கம்பி. பாஞ்சாலையின் செருப்பில் மட்டும் மூன்று ஊக்கு.

“அக்கா, இது செருப்பா, ஊக்குக் கடையா? உங்களாலதான் உலகம் முன்னேற மாட்டேங்குது,” என்று அன்புச்செல்வன் சிரித்தான்.

“அது முன்னால போவட்டும் தம்பி. நான் மெதுவா வரேன்.”

திமிங்கிலம் போட்ட போஸ்டர் ஒட்டினான். பட்டறை முதலாளி தர்மராஜ், “மீன் கடை எங்கப்பா தொறக்குறாங்க?” என்று கேட்டார்.

மாதக் கடைசி நாளில், புதுச் சூளைக்கு முதல் நெருப்பு வைத்தார்கள். கற்பூரம் காட்டும்போது யாரும் செருப்போடு உள்ளே போகமாட்டார்கள். வாசலில் நீலப் பெட்டி. அன்புச்செல்வனின் பேச்சு பாதிப் பேருக்கு மறந்திருந்தது, மீதிப் பேர் பெண்ணாடத்திலிருந்து வந்த விருந்தாளிகள். கோயில் வாசல்போலச் செருப்புக்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் மகிழ்ந்து உள்ளே போட்டார்கள். மங்கலம்பேட்டையில் வீடு வீடாகப் பழைய செருப்புக்குக் கெஞ்சிவிட்டு அவன் திரும்புவதற்குள் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

வாசலில் எல்லோரும் வெயிலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். பாஞ்சாலை மட்டும் செருப்போடு நின்றாள்.

“நீ சிரிச்சேன்னு வெக்கப்பட்டு என்னுதை மரத்தடியில வுட்டேன்,” என்றாள்.

அன்புச்செல்வன் சென்னையிலிருந்த மேலாளர் ராஜ்மோகனுக்குப் போன் போட்டான்.

“சார், வேனைத் திருப்பச் சொல்லுங்க. அது போட்டுட்டு வந்த செருப்பு.”

“பெட்டியில விழுந்தா கழிவுதான் அன்பு. விருப்பத்தோட குடுத்தாங்கன்னு ஒரு வரி அனுப்பு. நாளைக்கே வேலை ஆர்டர் உன் கையில.”

“வெறுங்கால்ல நிக்கிறாங்க சார்.”

“அருமை. ஒரு போட்டோ எடு.”

அன்புச்செல்வன் போட்டோ எடுக்கவில்லை. போனில் செய்தி தட்டினான்: ‘விருப்பத்தோடு தரவில்லை. தெரியாமல் போட்டது. திருப்பி அனுப்பவும்.’

பதில் உடனே வந்தது. வேன் திரும்பும். அவன் நாளையிலிருந்து வர வேண்டாம்.

சாயங்காலம் வேன் கொட்டிய குவியலில் ஆளாளுக்குத் தங்கள் ஜோடியைத் தேடினார்கள். ஒருவரும் அவனைத் திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. பஸ் நிலையத்துக்குக் கிளம்பியவனுக்கு, உடைந்த பீங்கான் குவியலைத் தாண்டும்போது கம்பெனி கொடுத்த நீலச் செருப்பின் வார் பிய்ந்தது. கொஞ்ச தூரம் இழுத்துப் பார்த்தான். பிறகு திரும்பி வந்தான்.

“அக்கா, ஊக்கு ஒண்ணு இருக்குதா?”

பாஞ்சாலை வளையலில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். “எதுக்கு தம்பி?”

“சட்டைப் பட்டனுக்கு.”

வாங்கிக்கொண்டு நீலப் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தான்.