ஒன்பதாம் நம்பர் மலையில் பதினொன்று ஐம்பது

வெள்ளைக்கல் தோட்டத்து ஒன்பதாம் நம்பர் மலையில் 1974 மார்ச் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று ஐம்பதுக்கு நேரம் நின்றது. அதன்பின் ஒன்பது வருடம் அது நகரவில்லை. எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே போகிறவர்களின் கைக்கடிகாரம் பதினொன்று ஐம்பதுக்குப் போய் நின்றுகொள்ளும். வெளியே வந்ததும் சரியான நேரத்தைக் காட்டி ஓடும். பக்கத்தில் எட்டாம் நம்பரிலும் பத்தாம் நம்பரிலும் வழக்கம்போல மழை பெய்தது, கொழுந்து வந்தது, செடியை வெட்டிவிடும் கவ்வாத்து நடந்தது. ஒன்பதில் மட்டும் அன்றைய மூடுபனி இடுப்பளவுக்கு அப்படியே கிடந்தது. பாதி கிள்ளிய செடி பாதி கிள்ளியபடியே நின்றது. ஆறு ஏக்கரில் விளைச்சல் இல்லை என்று துரை தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். உரத்தைக் கூட்டிப் போடும்படி பதில் வந்தது.

நேரம் நின்றபோது அம்மாக்கண்ணுவின் மகள் நீலா அந்த மலைக்குள் இருந்தாள். வயது ஆறு. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையிலிருந்து நழுவி, அம்மாவைத் தேடி மேல் பாதையில் ஏறியிருக்கிறாள். அம்மாக்கண்ணு அப்போதுதான் நிறைந்த கூடையோடு கீழ்ப் பாதையில் நிறுவைக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். கொட்டகை ஆயா மணியம்மா மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னதும், சின்னையா கங்காணி ஒரு காலி மண்ணெண்ணெய்த் தகரத்தை எல்லை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கம்பால் அடித்தார்; அப்போது மணி பதினொன்று ஐம்பது. பனியில் வழி தவறியவர்கள் தகரச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வது அந்த மலைகளில் வழக்கம். அம்மாக்கண்ணு தொண்டை கிழியப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் சாம்பசிவம் இரண்டு மணிக்கு வந்தார். எல்லைக்கல்லைத் தாண்டியதும் கடிகாரம் நின்றதைப் பார்த்து இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். செம்மண்ணில் சின்னக் காலடிகள். குதிகால் பள்ளத்தில் அப்போதுதான் நீர் ஊறிக்கொண்டிருந்தது. தடம் பன்னிரண்டாவது நிரையின் மேல்கோடியில் ஒரு தேயிலைப் புதரடியில் முடிந்தது. கையை விட்டுத் துழாவினார். பிள்ளை இல்லை. மண் மட்டும் சூடாக இருந்தது, யாரோ இந்த நொடிதான் எழுந்துபோன இருக்கையைப் போல. "பத்து நிமிஷம்கூட ஆகலம்மா. பொழுது சாயறதுக்குள்ள பிடிச்சிரலாம்" என்றார். ஆட்கள் ஓடினார்கள். ஆனால் அந்த மலைக்குள் பொழுது சாயவே இல்லை.

மூன்றாம் நாள் ஈப்போவிலிருந்து மோப்ப நாய் வந்தது. கயிற்றை அறுத்துக்கொள்வதைப் போல இழுத்து, நேரே பன்னிரண்டாவது நிரைக்குப் போய், அந்தப் புதரின் முன் உட்கார்ந்து வாலை ஆட்டியது. மூன்றாம் வருடமும் அதே நாய் அதே வேகத்தில் ஓடி அதே இடத்தில் வாலை ஆட்டியது. அது செத்த பிறகு வந்த புது நாயும் அப்படியே செய்தது. ஒவ்வொரு முறையும் ஆட்கள் தலைதெறிக்க ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் மண் சூடாக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து ஒரே கேள்வி வரும்: புதிய தகவல் உண்டா? இல்லையென்றால் விசாரணையை முடித்து ஃபைலைக் கட்டிவைக்க வேண்டும். சாம்பசிவம் ஒவ்வொரு முறையும், "தடம் இன்னும் ஈரம்" என்று எழுதி அனுப்பினார். அவருக்குப் பின் வந்த இருவரும் ஒருமுறை மலைக்குள் போய்வந்து அதையே எழுதினார்கள். மரத்தில் தொங்கிய தகரத்துக்கு, சான்றுப் பொருள் எண் மூன்று, யாரும் தொடக்கூடாது என்று சீட்டு ஒட்டியாயிற்று. அப்பன் கருப்பையா காய்கறி லோரியில் கிளீனராகச் சேர்ந்து, மலைமேல் காய்கறி விளையும் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு இறங்கும் ஊர்களிலெல்லாம் மகளின் போட்டோவைக் காட்டிக்கொண்டு திரிந்தான். 1975இல் இரண்டாவதாக சரோஜா பிறந்தாள். அம்மாக்கண்ணுவின் தலை நாற்பதுக்குள் பஞ்சாக வெளுத்தது.

1983 ஏப்ரலில் புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் செல்வராஜு, ஒரு வியாழக்கிழமை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு அம்மாக்கண்ணுவைத் தேடி வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அம்மா, மேல இருந்து ஃபைல மூடச் சொல்லிட்டாங்க."

"தடம் ஈரமா இருக்குல்ல, ஐயா?"

"இருக்கு. ஒம்பது வருஷமா அதே ஈரம்தான். இனிமே அதப் புதுத் தகவல்னு எழுத முடியாதாம்."

"மூடிட்டா?"

செல்வராஜு தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பினார். "போலீஸ் விட்டுட்டா மலை கம்பெனிக்குப் போயிரும். செடியப் பிடுங்கிட்டுக் காய்கறி போடப் போறாங்க. சனிக்கிழம காலையில எட்டு மணிக்கு புல்டோசர் வருது."

வெள்ளிக்கிழமை பிற்பகல் லயத்துப் பின்பக்க மரவள்ளியில் காட்டுப்பன்றி புகுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தகரம் அடித்தார்கள். குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த சரோஜா தட்டைப் போட்டுவிட்டுக் கோழிக்கூட்டுக்கு அடியில் புகுந்து குப்புறப் படுத்துக்கொண்டாள். "ஏய், பன்னி அந்தாண்ட போயிருச்சு. வாடி வெளிய" என்று அம்மாக்கண்ணு கத்தினாள். பிள்ளை அசையவில்லை. மூன்று தடவை கூப்பிட்டும் அசையவில்லை. தகரம் ஓய்ந்தது. உடனே சரோஜா பாவாடையைத் தட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"காது என்ன செவிடா? ஆத்தா கூப்புடறேன், கல்லு மாதிரி கெடக்கற!"

"கேட்டுச்சு. தகரம் அடிக்கறப்ப யாரு கூப்பிட்டாலும் வரக்கூடாது, நானே கூப்பிட்டாலும் வரக்கூடாது, நின்னப்பறம்தான் வரணும்னு நீதானம்மா சொன்ன!"

சொன்னவள் அவள்தான். நடக்கத் தொடங்கிய நாள்முதல் லயத்துப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அம்மாக்கள் சொல்லித் தருவது அது. பெரியவர்களுக்குத் தகரம் என்றால் வா. பிள்ளைகளுக்குத் தகரம் என்றால் மிருகம் வருகிறது, படு. அம்மாக்கண்ணு ஈரக் கையோடு கங்காணி வீட்டுக்கு ஓடினாள்.

"கங்காணி, அன்னிக்கி நீங்க அடிச்ச தகரம் நின்னுச்சா?"

"என்னம்மா கேக்கற? கம்பக் கீழ போட்டு ஒம்பது வருஷம் ஆச்சுலா."

"கம்பு இல்ல. சத்தம். சத்தம் நின்னுச்சா?"

ஒன்பதாம் நம்பரில் ஒரு ரீங்காரம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கோ மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது என்று முதல் மாதமே முடிவுகட்டி விட்டிருந்தார்கள். "அது தேனீ இல்லியா..." என்ற சின்னையா கங்காணி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை ஏழே முக்காலுக்கு மஞ்சள் புல்டோசர் எல்லைக்கல்லுக்கு வெளியே உறுமிக்கொண்டு நின்றது. செல்வராஜுவின் கையில் ஃபைல். கடைசித் தாளில் அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அம்மாக்கண்ணு வேலை உடுப்பில், தலைத்துண்டும் கூடையுமாக வந்திருந்தாள். தகரத்தைத் தொட வேண்டும் என்றாள்.

"சான்றுப் பொருள்மா. கை வெச்சா நான் பதில் சொல்லணும்."

"மூடினப்பறம் தொடலாமா?"

"மூடினா இந்த மரமே இருக்காது."

"அப்ப மூடறதுக்கு முன்ன ஒரே ஒரு கை, ஐயா. எம்புள்ள சொன்ன பேச்சக் கேட்டுக்கிட்டு உள்ள கெடக்குது."

செல்வராஜு அவளைப் பார்த்தார். புல்டோசரைப் பார்த்தார். "டிரைவர்கிட்ட இஞ்சின அணைக்கச் சொல்லிட்டு வரேன்" என்று முதுகைக் காட்டி நடந்தார். இஞ்சின் அணைந்தது. அம்மாக்கண்ணு எல்லைக்கல்லைத் தாண்டி, இரண்டு உள்ளங்கையையும் தகரத்தின் மேல் பதித்தாள். கைக்குள் அது ஒரு பறவையைப் போலத் துடித்தது, பிறகு அடங்கியது.

ஒன்பது வருடத்தில் முதன்முறையாக அந்த மலையில் சத்தம் இல்லை. மூடுபனி நகர ஆரம்பித்தது. பின்னாலேயே உள்ளே வந்துவிட்ட செல்வராஜுவின் கடிகாரம் பதினொன்று ஐம்பத்தொன்றைக் காட்டியது. பன்னிரண்டாவது நிரையில் ஒரு புதர் ஆடியது. அடியிலிருந்து, முழங்கால் முழுக்கச் செம்மண்ணாக, நீலா எழுந்து நின்றாள்.

"நீலா! ஆத்தாடி!"

பிள்ளை பார்த்தது போலீஸ் உடுப்புப் போட்ட ஓர் ஆளை, ஒரு மஞ்சள் எந்திரத்தை, முன்பின் அறியாத ஒரு நரைத்த பொம்பளையை. பின்னால் ஓர் அடி வைத்தது. நிரை முடிகிற இடத்தில் காடு, நான்கு கஜம்தான்.

"எங்கம்மா எங்க?"

"நான்தாண்டி உங்கம்மா."

"பொய்யி. எங்கம்மாக்கு முடி கருப்பு." இன்னோர் அடி பின்னால் வைத்தாள். செல்வராஜு பாயப் பார்த்தார். அம்மாக்கண்ணு கையை நீட்டித் தடுத்தாள். கூப்பிட்டால் ஓடிவிடும். நெருங்கினாலும் ஓடிவிடும். அவள் தலைத்துண்டை இழுத்து நரை தெரியாமல் நெற்றிவரை கட்டினாள். கூடையை முதுகில் மாட்டினாள். பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒன்பது வருடத்துக்கு முன் விட்ட செடியிலிருந்து கொழுந்து கிள்ளிக்கொண்டே கீழ்நோக்கி நகர்ந்தாள். இரண்டு இலை, ஒரு குருத்து. இரண்டு இலை, ஒரு குருத்து. பனியில் உடம்பு நனையாமலிருக்க இடுப்பில் கட்டுகிற படங்கு பின்னால் தரையை உரசிக்கொண்டு போனது. பத்துச் செடி தாண்டினாள். பின்னால் ஓசை இல்லை. இருபது. விரல் முற்றின இலையையும் சேர்த்துக் கிள்ளியது. முப்பதாவது செடியில் படங்கின் நுனி கனத்தது. ஒரு சின்னக் கை அதைப் பிடித்திருந்தது. அம்மாக்கண்ணு திரும்பவில்லை, அழவில்லை, கிள்ளுவதை நிறுத்தவும் இல்லை. எல்லைக்கல்வரை அப்படியே கிள்ளிக்கொண்டு இறங்கினாள்.

செல்வராஜு ஃபைலில், கண்டுபிடிக்கப்பட்டபோது வயது ஆறு என்று எழுதினார். கணக்குத் தவறு என்று மேலிடம் திருப்பி அனுப்பியது. அவர் மாற்றாமல் மறுபடி அனுப்பினார். மூன்றாம் தடவை அவர்களுக்கே அலுத்துப்போய் ஏற்றுக்கொண்டார்கள். ஒன்பதாம் நம்பரில் அந்த வாரம் கொழுந்து இடுப்புயரம் எழும்பியது. காய்கறிப் பேச்சைத் துரை அதோடு விட்டார். கருப்பையா லோரியிலிருந்து இறங்கி மகளைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்த போட்டோவையும் பார்த்து, போட்டோவை அவளிடமே கொடுத்துவிட்டான்.

ஜனவரியில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நீலாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். பிறந்த சர்ட்டிபிகேட்டில் 1968 என்று இருந்ததைத் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசித்தார். காலையில் தலை பின்னிவிட்டதும், புத்தகப்பையைத் தூக்கியதும் மூன்றாம் வகுப்புக்குப் போகிற சரோஜாதான்.

"அக்கா, கையப் பிடிச்சுக்க. லோரி வருது" என்றாள் அவள் ரோட்டோரத்தில்.

கூட வந்த பிள்ளைகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இத்துனூண்டு இருக்கு, அக்காவாம்லா!"

"எனக்கு முன்ன பொறந்தவ. வேற என்னன்னு கூப்புடறது?" என்றாள் சரோஜா. லோரி போன பிறகு அக்காவை ரோட்டைத் தாண்ட வைத்தாள்.