ஒழுகுகிற இடத்தில் ஒரு நாற்காலி

மர்பி டவுனில் பவுலின் குடியிருந்த வீடு தர்ம சங்கத்துக்குச் சொந்தம். ஏழைகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். யார் ஏழை என்று பார்க்க டோரீன் ஞானசேகரன் அம்மாள் மாதாமாதம் ஜட்காவில் வந்து இறங்குவார். வீட்டில் நாற்காலி இருந்தால் அம்மாளுக்கு அவர்கள் ஏழையில்லை. அதனால் வண்டிச் சத்தம் கேட்டதும் பவுலின் தன் ஒற்றை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துவீட்டு ருக்குவிடம் ஓடுவாள். ருக்குவுடையது சொந்த வீடு. அங்கே சிம்மாசனமே கிடந்தாலும் கேட்க ஆளில்லை.

பவுலினுக்கு இஸ்திரி வேலை. சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூரையில் நாலு ஓடு உடைந்து, தேய்த்து மடித்த துரைமார் சட்டைமேல் மழை சொட்டியது. புது ஓட்டுக்குக் காசு சேர்த்துவிட்டாள்தான். சங்கத்தைக் கேட்காமல் கூரையைத் தொட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டும். கேட்கலாமென்றால் அம்மாள் வாயைத் திறக்க விட்டால்தானே!

"அம்மா, கூரை..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு பவுலின். ஜெபம் பண்றியா? பல் விளக்குறியா?"

போன தடவை அம்மாளுக்குக் கால் கடுத்தது. உட்கார இடமில்லை. "அடப்பாவமே, ஒரு நாற்காலிகூட இல்லையே!" என்று கண் கலங்கிப் போனார். மறுவாரம் சங்கத்திலிருந்து நாற்காலி வந்தது! ருக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பவுலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐப்பசியில் கூரை ஒழுகிக் கர்னல் வீட்டுச் சட்டை கறைபட்டு, அந்த வீட்டு வேலை போயிற்று. அன்றைக்கே கொட்டுகிற மழையில் ஜட்காவும் வந்தது. பவுலின் ஓடவில்லை. போனால் போகட்டும் வீடு என்று சங்கத்து நாற்காலியை ஒழுகுகிற இடத்தில் போட்டாள். எதிரே தன்னுடையதைப் போட்டாள்.

"உக்காருங்கம்மா."

அம்மாள் உட்கார்ந்தார். கொண்டையில் சொட்டென்று விழுந்தது.

"ஐயையோ, ஒழுகுதே! முன்னமே சொல்றதுக்கென்ன?"

பவுலினும் உட்கார்ந்தாள். அம்மாளுக்குச் சரிசமமாய், கால்மேல் கால் போட்டு.

"ஓட்டுக்குக் காசு என் முந்தானையில இருக்கும்மா. சொல்றதுக்குத்தான் எனக்கு வாயில்ல."

"இது... இந்த நாற்காலி ஏது?" அம்மாள் எழப்போனார்.

"என்னுதுதான். நீங்க உக்காருங்க, நான் இன்னும் பேசி முடிக்கல."